ஆங்கிலச் சொற்களும் மரபுத்தொடர்களும் எங்கிருந்து வந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இந்த ஆங்கிலச் சொல் எப்படிப் பிறந்தது தெரியுமா?" என்று தொடங்கி வாட்ஸ்அப்பில் வரும் கதைகளில் பலவும் பிற்காலத்தில் யாரோ கட்டிவிட்டவை. உண்மையான கதைகள் அவற்றைவிட ருசியானவை. ஆங்கிலம் படிப்பவர்களும், மொழிபெயர்ப்பாளர்களும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு சொல்லின் பிறப்புக் கதை உண்மையா, கட்டுக்கதையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அந்தச் சொல் முதன்முதலில் எந்த ஆண்டில், எந்த எழுத்தில் வருகிறது என்று தேடுவார்கள். எழுத்துக்கு வரும் முன்பே பேச்சில் புழங்கியிருக்கலாம், அது சரி. ஆனால் கதை நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் முதல் எழுத்துச் சான்றுக்கும் நடுவே முந்நூறு வருடம் காலியாகக் கிடந்தால் அந்தக் கதையை ஏற்க முடியாது.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1857-இல் லண்டனில் இருந்த மொழியியல் சங்கம் அதற்கான யோசனையை முன்வைத்தது. 1879-இல் ஜேம்ஸ் மர்ரே ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். வீட்டுத் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகையைப் போட்டுக்கொண்டு அங்கேதான் வேலை செய்தார். படிக்கும் புத்தகத்தில் கவனிக்கத்தக்க சொல் ஏதாவது வந்தால், அந்த வாக்கியத்தைப் புத்தகப் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார். லட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து குவிந்தன. அதிகம் அனுப்பியவர்களில் ஒருவர் டபிள்யூ. சி. மைனர். அமெரிக்க ராணுவத்தில் அறுவை மருத்துவராக இருந்தவர். மனநோயில் ஒருவரைச் சுட்டுக் கொன்றதற்காக பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தார். அந்த அறையில் இருந்தபடியே பழைய நூல்களை வரவழைத்துப் படித்து ஆயிரக்கணக்கான மேற்கோள்களை எழுதி அனுப்பினார். அகராதியின் முதல் பகுதி 1884-இல் வந்தது. முழுசாக முடிந்தது 1928-இல். மர்ரே 1915-லேயே காலமாகிவிட்டார்.

ஆகவே பிறப்புக் கதை எதைக் கேட்டாலும் "முதல் சான்று எந்த வருடம்?" என்று கேளுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாமே அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனவைதான்.

'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பது கூரை வீடுகளில் இருந்து வந்ததா?

இல்லை. அடைமழையைக் குறிக்கும் தொடர் இது. அந்தக் கதை 1999 வாக்கில் '1500-களின் வாழ்க்கை' என்ற தலைப்பில் சுற்றிய ஒரு மின்னஞ்சலில் இருந்து பரவியது. அக்கால இங்கிலாந்தில் நாயும் பூனையும் வைக்கோல் கூரைக்குள் படுத்திருக்குமாம், பெருமழை பெய்தால் வழுக்கி விழுமாம். கூரை வீட்டில் இருந்தவர்களுக்கு இதில் உள்ள ஓட்டை உடனே தெரியும். மழை வந்தால் நாய் திண்ணைக்கும் பூனை அடுப்படிக்கும் வரும். கூரைமேல் போய் யாரும் படுக்கமாட்டார்கள்.

எழுத்தில் இதன் உறவுக்காரத் தொடர் 1650-களில் தெரிகிறது. ரிச்சர்ட் புரோம் எழுதிய ஒரு நாடகத்தில் நாயும் மரநாய் போன்ற இன்னொரு விலங்கும் மழையாகப் பொழியும் என்று வருகிறது. இன்றைய வடிவம் 1738-இல் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய உரையாடல் நூலில் இருக்கிறது. மேல்தட்டு மனிதர்கள் பேசிப் பேசித் தேய்த்த தொடர்களைக் கேலி செய்வதற்காக அவர் எழுதிய நூல் அது. அப்படியானால் 1738-லேயே இது பழசாகி, கேலிக்கு ஆளாகும் அளவுக்குப் புளித்துப் போயிருந்தது என்று புரிந்துகொள்ளலாம். நாயையும் பூனையையும் எதற்காகச் சேர்த்தார்கள் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை.

நம் பள்ளி இலக்கணப் புத்தகங்கள் இதை விடாமல் சொல்லித்தருகின்றன. இன்றைய பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ மழையைப் பார்த்து இப்படிச் சொல்பவர்கள் குறைவு. 'இட்ஸ் போரிங்' என்று நீர் ஊற்றுவதைக் குறிக்கும் எளிய வினையே போதும்.

'போஷ்' என்றால் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்பதன் சுருக்கம்தானே?

'பகட்டான', 'மேல்தட்டுத்தனமான' என்று பொருள்படும் சொல் இது. இந்தியா சம்பந்தப்பட்ட கதை என்பதால் நம்மிடம் இதற்கு மவுசு அதிகம். சூயஸ் வழியாக இந்தியாவுக்குப் போகும்போது கப்பலின் இடப்பக்க அறையில் வெயில் குறைவு, திரும்பும்போது வலப்பக்க அறையில் வெயில் குறைவு, அதனால் பணக்காரர்களின் டிக்கெட்டில் இந்த நான்கு எழுத்துகளை முத்திரை குத்தினார்கள் என்பது கதை. அப்படி முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. கப்பல் கம்பெனி ஆவணங்களிலும் அதற்குத் தடயம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு லண்டன் கொச்சையில் 'போஷ்' என்றால் சில்லறைக் காசு. ரோமானி மொழியில் பாதி என்று பொருள்படும் சொல்லில் இருந்து அது வந்தது. 'பகட்டாக உடுத்துபவன்' என்ற பொருளும் அந்த நூற்றாண்டின் கடைசியில் கொச்சை அகராதியில் ஏறிவிட்டது. இன்றைய பொருளுக்கு இவைதான் பக்கத்தில் நிற்கின்றன.

இங்கே ஒரு பொது விதியைச் சொல்லிவிடலாம். தலைப்பெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்யும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. ரேடார், லேசர் இரண்டும் உண்மையிலேயே அப்படிப் பிறந்தவை. அதற்கு முந்தைய சொல்லுக்கு யாராவது இப்படி விரிவு சொன்னால் சந்தேகப்படுங்கள். 'நியூஸ்' நான்கு திசைகளின் முதலெழுத்து இல்லை. 'புதியவை' என்பதுதான் அது. 'டிப்ஸ்' சுருக்கெழுத்து இல்லை; 17-ஆம் நூற்றாண்டுத் திருடர் கொச்சையில் 'டிப்' என்றால் கொடு. 'கோல்ஃப்' என்ற பெயருக்கும் 'பெண்களுக்கு அனுமதியில்லை' என்ற வாசகத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

பாய்காட் என்பவர் உண்மையான மனிதரா?

உண்மையான மனிதர். ஒரு சொல் பிறந்த இடம், மாதம், வருடம், பெயர் வைத்தவர் என்று எல்லாமே இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பது அபூர்வம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சார்லஸ் பாய்காட் ஓர் ஆங்கிலேயர். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியக்காரராக இருந்தார். 'கேப்டன் பாய்காட்' என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். 1879-இல் அயர்லாந்தில் விளைச்சல் மோசம். அடுத்த வருடம் குத்தகையைக் குறைக்கச் சொல்லி விவசாயிகள் கேட்டார்கள். பிரபு தர முன்வந்த குறைப்பு அவர்களுக்குப் போதவில்லை. வெளியேற்ற நோட்டீஸ்கள் கிளம்பின.

இதற்குச் சில நாள் முன்பு, 1880 செப்டம்பர் 19 அன்று, என்னிஸ் நகரில் ஐரிஷ் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் பேசினார். அக்கம்பக்கத்துக்காரனை வெளியேற்றியதால் காலியான நிலத்தை ஒருவன் குத்தகைக்கு எடுத்தால் அவனை என்ன செய்வது என்று கூட்டத்தைக் கேட்டார். "சுட்டுத் தள்ளு" என்று குரல் வந்தது. அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது என்றார் பார்னெல். சாலையில், கடையில், சந்தையில், கோயிலில்கூட அவனோடு பேசாதீர்கள், தனியே விட்டுவிடுங்கள் என்றார்.

மேயோ மக்கள் அதைக் காரியக்காரர்மீதே செய்து காட்டினார்கள். பாய்காட்டின் வயலில் இருந்தும் வீட்டில் இருந்தும் வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். தபால் கொண்டுவந்த பையனும் வருவதை நிறுத்தினான். பயிர் விளைந்து நிற்கிறது, அறுக்க ஆள் இல்லை. பாய்காட் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, விஷயம் பெரிதானது. நவம்பரில் வடக்கே இருந்து 50 தன்னார்வலர்கள் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பாகச் சுமார் ஆயிரம் படைவீரர்களும் போலீசாரும் வந்தார்கள். சுமார் 500 பவுண்டு பெறுமான விளைச்சலை எடுக்க 10,000 பவுண்டு வரை செலவானதாகக் கணக்கு. நவம்பர் 27 அன்று பாய்காட் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பினார். வண்டியோட்ட உள்ளூரில் ஒருவரும் வரவில்லை. ராணுவத்தின் ஆம்புலன்ஸ் வண்டியில்தான் போக வேண்டியிருந்தது.

பெயர் வைத்தவர் உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓ'மேலி. ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இந்தப் போராட்ட முறைக்கு ஒரு சொல் கிடைக்காமல் தவித்தார். ஒதுக்கிவைப்பதைக் குறிக்க அப்போது ஆங்கிலத்தில் இருந்த 'ஆஸ்ட்ரசிஸம்' என்ற கிரேக்கச் சொல் குடியானவர்களுக்குப் புரியாது. பாதிரியார் யோசித்துவிட்டு, அந்த ஆளின் பெயரையே வினையாக்கிவிட்டால் என்ன என்றார். சில வாரங்களில் பத்திரிகைகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. பிரெஞ்சும் ஜெர்மனும் அப்படியே எடுத்துக்கொண்டன.

நம் ஊர்களில் ஒதுக்கிவைப்பது என்றால் ஊர் சேர்ந்து எளியவர்மேல் போடும் தண்டனையாகவே பெரும்பாலும் இருந்திருக்கிறது. மேயோவில் அது தலைகீழாக, இல்லாதவர்கள் இருப்பவரை நோக்கிப் பிடித்த ஆயுதமாக இருந்தது. இந்தச் சொல்லை நான் மதிப்பதற்கு அதுவே காரணம்.

அலுவலகத்தில் தினமும் சொல்கிறோமே 'டெட்லைன்', அது எங்கிருந்து?

ஒரு சிறைச்சாலையில் இருந்து. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களின் படை ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் போர்க்கைதிகளுக்கு ஒரு முகாம் நடத்தியது. உயரமான மரச்சுவருக்கு உள்ளே, சுமார் 19 அடி தள்ளி, தாழ்வான ஒரு மரவேலி போட்டிருந்தார்கள். கைதி அதைத் தாண்டினால், அதன்மேல் கை வைத்தாலும்கூட, காவல்மேடையில் இருப்பவன் சுடலாம். அந்த வேலிக்குப் பெயர்தான் 'டெட் லைன்'. 1864 பிப்ரவரியில் தொடங்கிய அந்த முகாமில் சுமார் 45,000 பேர் அடைக்கப்பட்டார்கள். சுமார் 13,000 பேர் செத்தார்கள். குண்டடியைவிட வயிற்றுப்போக்குக்கும் பட்டினிக்கும் இறந்தவர்களே மிக அதிகம். முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸ் விசாரிக்கப்பட்டு 1865 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அந்த விசாரணைச் செய்திகள் வழியாகச் சொல் பரவலாகத் தெரியவந்தது. 'இதற்குள் முடித்தாக வேண்டும்' என்ற பொருள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் வந்தது.

'ஓகே' எப்படி உலகம் முழுக்கப் போனது?

முதல் சான்று 1839 மார்ச் 23, பாஸ்டன் மார்னிங் போஸ்ட். அந்தக் காலத்துப் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. சாதாரணத் தொடரை வேண்டுமென்றே தப்பான எழுத்துக்கூட்டலில் எழுதி, அதன் முதல் எழுத்துகளை மட்டும் அச்சிடுவார்கள். 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓ', 'கே' என்ற எழுத்துகளில் தொடங்கும்படி தப்பாக எழுதியதில் பிறந்ததுதான் 'ஓகே'. இதே விளையாட்டில் பிறந்த மற்ற சுருக்கங்கள் எல்லாம் அழிந்துபோயின.

இது மட்டும் பிழைத்ததற்கு அடுத்த வருடத் தேர்தல் ஒரு முக்கியக் காரணம். 1840-இல் அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடி போட்டியிட்டார். அவருடைய சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று செல்லப்பெயர் வைத்து ஆதரவாளர்கள் ஓகே சங்கம் தொடங்கினார்கள். வான் பியூரன் தோற்றார், அவருக்காகக் கூவிய சொல் நிலைத்தது. சாக்டா பழங்குடி மொழியில் இருந்து வந்தது, கிரேக்கத்தில் இருந்து வந்தது என்ற வாதங்கள் நெடுங்காலம் ஓடின. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆலன் வாக்கர் ரீட் 1963, 1964 ஆண்டுகளில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி வெளியிட்ட கட்டுரைகள் அந்த விவாதத்தை ஏறக்குறைய முடித்துவைத்தன.

'ரூல் ஆஃப் தம்ப்' என்பது மனைவியை அடிக்கும் குச்சியின் அளவா? அதைச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். கட்டைவிரல் தடிமனுக்கு மேற்படாத குச்சியால் கணவன் அடிக்கலாம் என்று ஆங்கிலச் சட்டம் இருந்ததாகவும், தொடர் அதிலிருந்து வந்ததாகவும் சொல்கிறார்கள். பிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி அப்படிச் சொன்னதாக 1782-இல் பேச்சு கிளம்பியது. ஜேம்ஸ் கில்ரே அவரைக் 'கட்டைவிரல் நீதிபதி' என்று கேலிச்சித்திரம் போட்டார். ஆனால் புல்லர் அப்படித் தீர்ப்பு எதுவும் எழுதியதாகப் பதிவு இல்லை. தொடரோ 17-ஆம் நூற்றாண்டு எழுத்திலேயே, அளவுகோல் இல்லாமல் கைக்கணக்கில் வேலை செய்வது என்ற பொருளில் வந்துவிட்டது. விரற்கடை, சாண், முழம் என்று உடம்பாலேயே அளந்து பழகிய நமக்கு இது புரிவது எளிது. மனைவியை அடித்த வழக்குகளில் கட்டைவிரல் அளவைக் குறிப்பிட்ட 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தீர்ப்புகள் உண்மையிலேயே இருக்கின்றன. அந்தக் கொடுமை வரலாறு. இந்தத் தொடர் அதிலிருந்து பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

'பைட் த புல்லட்' 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் பிறந்ததா?

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதைச் சொல்லும் தொடர் இது. என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்ததும், அதில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறது என்ற செய்தி சிப்பாய்களைக் கொதிக்க வைத்ததும் உண்மை. ஆனால் தொடர் அதற்கும் மூத்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சை அகராதி, கசையடி வாங்கும் சிப்பாய் வாய்விட்டுக் கத்தாமல் இருக்க ஈயக் குண்டை மென்றான் என்று பதிவு செய்திருக்கிறது. அறுவை சிகிச்சையில் குண்டைக் கடிக்கக் கொடுத்தார்கள் என்று படங்களில் காட்டுவதைவிட இதற்குச் சான்று வலுவானது.

'நைஸ்' என்றால் முன்பு முட்டாள் என்று அர்த்தமாமே?

ஆமாம். லத்தீனில் 'அறியாதவன்' என்ற சொல். பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'மூடத்தனமான' என்றுதான் பொருள். பிறகு 'நுணுக்கம் பார்க்கிற', 'துல்லியமான' என்றெல்லாம் நகர்ந்து 18-ஆம் நூற்றாண்டில் 'இனிமையான' என்ற இடத்துக்கு வந்தது. 'சில்லி' நேர் எதிர்த்திசையில் போனது: பழைய ஆங்கிலத்தில் அது 'பேறு பெற்ற', பிறகு 'அப்பாவியான', பிறகு 'பாவப்பட்ட', கடைசியில் 'அசட்டு'. 'கேர்ல்' ஆண், பெண் இருவரையும் குறித்தது. 'மீட்' எல்லா உணவையும் குறித்தது. தமிழில் 'நாற்றம்' நறுமணமாக இருந்து கெட்ட வாடையானது இதே போக்குதான். "கற்பூரம் நாறுமோ" என்று ஆண்டாள் ஆசையோடு கேட்டதை இன்றைய காதில் கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும்.

ரோமானியச் சிப்பாய்களுக்கு உப்பைக் கூலியாகக் கொடுத்ததால்தான் 'சாலரி' வந்ததா?

பாதி சரி. 'சலாரியம்' என்ற லத்தீன் சொல் 'சால்', அதாவது உப்பு, என்பதில் இருந்து வந்ததுதான். ஆனால் சிப்பாய்களுக்கு உப்பாகவே சம்பளம் அளந்தார்கள் என்று ரோமானிய நூல் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் வாங்கியது காசு.

'சம்பளம்' என்ற நம் சொல்லையே சம்பா நெல்லும் உப்பளத்து உப்பும் சேர்ந்தது என்று பிரித்துக் காட்டும் விளக்கம் இணையத்தில் நிறைய உலவுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. வடமொழியில் 'சம்பல' என்றால் வழிச்செலவுக்கான கட்டுச்சோறு, கைப்பொருள். ஒலியிலும் பொருளிலும் இது நெருங்கி நிற்பதால் எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. சொந்த மொழிக் கதை என்றாலும் அதே சோதனையை வைக்கத்தானே வேண்டும்.

நாம் தமிழில் சொல்லும் எந்தெந்தத் தொடர்கள் ஆங்கில வழக்கை ஒட்டியவை?

நிறைய. 'தேனிலவு' அப்படி வந்தது. ஆங்கிலத்தில் 'ஹனிமூன்' 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுத்துக்கு வந்தபோது பயணத்தையோ விடுதியையோ குறிக்கவில்லை. 1552-இல் ரிச்சர்ட் ஹுலோயட் தொகுத்த அகராதி சொல்வதன் சாரம் இது: புதுமணத் தம்பதிகள் ஆரம்பத்தில் அளவில்லாமல் அன்பாக இருப்பார்கள், பிறகு அது தணியும், அந்த ஆரம்பக் காலத்துக்குப் பாமர மக்கள் வைத்த பெயர் இது. முழுநிலா தேய்வதுபோல் தேன் இனிப்பும் தேயும் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. பாபிலோனில் மாமனார் ஒரு மாதம் தேன்மது கொடுத்தார் என்பது பின்னால் ஒட்டவைத்த கதை.

'சிவப்பு நாடா' நம் அரசு அலுவலகக் கோப்புக் கட்டுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இங்கிலாந்தில் சட்ட ஆவணங்களைச் சிவந்த நாடாவால் கட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அது தாமதத்துக்குப் பெயரானது. 'வெள்ளை யானை' சயாம், பர்மா அரசர்கள் போற்றிய யானைகளைப் பற்றிய பயணக்குறிப்புகள் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பிடிக்காத அதிகாரிக்கு அரசர் யானையைப் பரிசளித்துத் திவாலாக்கினார் என்ற பகுதிக்கு வரலாற்றுச் சான்று இல்லை. நம்மிடம் 'யானையைக் கட்டித் தீனி போட்ட மாதிரி' என்று சொந்தச் சரக்கே இருக்கிறது, அதில் நிறம்கூடத் தேவையில்லை.

'முதலைக் கண்ணீர்' ஐரோப்பாவில் இடைக்காலத்திலேயே பரவிய நம்பிக்கை. முதலை மனிதனைத் தின்றுகொண்டே அழும் என்று 14-ஆம் நூற்றாண்டுப் பயணநூல் ஒன்று எழுதியது. இதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஃபுளோரிடாவில் கரையில் வைத்து இரை போட்டுப் பழக்கிய முதலை இனத்து ஏழு விலங்குகளை விலங்கியலாளர் கென்ட் விலீட் கவனித்தார். தின்னும்போது ஐந்தின் கண்களில் நீர் வந்தது. 2007-இல் அந்த ஆய்வு வெளியானது. துக்கம் காரணம் இல்லை. தின்னும்போது தாடையும் மூச்சும் இயங்கும் விதத்தால் நீர் வெளியே தள்ளப்படுகிறது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

தமிழில் இருந்து ஆங்கிலத்துக்குப் போனவை எவை?

கட்டுமரம், கறி, சுருட்டு, மிளகுத்தண்ணீர், குருந்தம் என்ற கடினக் கல் ஆகியவை ஐயமில்லாதவை. வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையில் மரத்துண்டுகளைக் கட்டிக் கடலில் போவோரைப் பார்த்து 'கேட்டமரன்' என்று எழுதினார். இன்று அந்தச் சொல் இரட்டை அடிப்பாகம் கொண்ட ஆடம்பரப் படகுகளைக் குறிக்கிறது. கறி இன்னும் முன்னால்: டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் நூல் 1598-இல் ஆங்கிலத்தில் வந்தபோது, சோற்றின்மேல் ஊற்றும், கொஞ்சம் புளிக்கும் சாறு ஒன்று 'காரியல்' என்ற பெயரில் அதில் வருகிறது. அந்தப் புளிப்பைப் படிக்கும்போது நம் மீன்குழம்பு நினைவுக்கு வராமல் இருக்காது.

மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆனது. சென்னை மாகாண வெள்ளை அதிகாரிகள் அதை அவ்வளவு குடித்ததால் மற்ற மாகாணத்தார் அவர்களை 'மல்' என்றே பட்டப்பெயரிட்டு அழைத்தார்கள். 'கேஷ்' என்று ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ரொக்கப் பணம் என்ற சொல் பிரெஞ்சில் பெட்டி என்று பொருள்படுவதில் இருந்து வந்தது. சீனாவிலும் தென்னிந்தியாவிலும் புழங்கிய சிறு நாணயத்தைக் குறித்த இன்னொரு 'கேஷ்' நம் காசு. 'ஆரஞ்சு' நாரத்தையின் உறவு: வடமொழி, பாரசீகம், அரபு, ஸ்பானியம் என்று ஊர் ஊராகப் போய், வழியில் முதல் 'ந'வைத் தொலைத்துவிட்டு ஆங்கிலம் சேர்ந்தது. மூலம் திராவிடச் சொல் என்பதே அறிஞர்கள் பலரின் கருத்து.

'பரையா' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி வருத்தத்தோடு சொல்ல வேண்டும். பறையர் என்ற சமூகத்தின் பெயரை எடுத்து 'ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள் கொடுத்தார்கள். இன்றும் ஆங்கிலப் பத்திரிகைகள் ஏதாவது ஒரு நாட்டைக் குறிக்க இதைத் தயங்காமல் எழுதுகின்றன. நாம் ஆங்கிலத்தில் எழுதும்போதாவது இதைத் தவிர்க்க வேண்டும். 'தனிமைப்படுத்தப்பட்ட' என்று சொல்ல வேறு நல்ல சொற்கள் இருக்கின்றன.

கணினி 'பக்' உண்மையிலேயே பூச்சியா?

1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் டூ கணினியில் ஓர் அந்துப்பூச்சி மாட்டியதும், அதைப் பதிவேட்டில் ஒட்டி 'பக் நிஜமாகவே கிடைத்த முதல் நிகழ்வு' என்று எழுதியதும் உண்மை. 'நிஜமாகவே' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கோளாறுக்குப் 'பக்' என்று பெயர் அதற்கு முன்பே இருந்தால்தான் அந்த வேடிக்கை எடுபடும். தாமஸ் எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறார்.

சாண்ட்விச்?

நான்காம் சாண்ட்விச் பிரபு ஜான் மாண்டேகுவின் பெயர்தான். வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் 1762 நவம்பர் 24 நாட்குறிப்பில் எழுதியது முதல் சான்று. சீட்டாட்ட மேசையை விட்டு எழுந்திருக்காமல் தின்றார் என்ற கதை ஒரு பிரெஞ்சுப் பயணியிடம் இருந்து வருகிறது. பிரபு கடற்படை அமைச்சராக இருந்தவர், எழுத்து மேசையில் தின்றிருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறார் அவருடைய வாழ்க்கையை எழுதிய என்.ஏ.எம். ராட்ஜர்.

ஷேக்ஸ்பியர் ஆயிரக்கணக்கான சொற்களை உருவாக்கினார் என்பது சரியா?

அந்த எண்ணிக்கை மிகை. மர்ரே காலத்துத் தன்னார்வலர்கள் ஷேக்ஸ்பியரை வரிவரியாகப் படித்தார்கள். அதே காலத்துச் சிறு நூல்களை அவ்வளவு பேர் படிக்கவில்லை. அதனால் பல சொற்களுக்கு அவரே முதல் சான்றாக நின்றார். பழைய அச்சு நூல்கள் கணினிக்கு வந்த பிறகு அவற்றில் பல சொற்கள் அவருக்கு முன்பே எழுதப்பட்டது தெரிந்தது. நிச்சயமாக ஒருவர் பெயரில் எழுதத்தக்க சொல் வேண்டுமென்றால் 'ஸ்கேப்கோட்' உண்டு. வில்லியம் டிண்டேல் 1530-இல் பைபிளின் பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கும்போது, ஊராரின் பாவத்தைச் சுமத்தி வனாந்தரத்துக்கு விரட்டும் ஆட்டுக்கு வைத்த பெயர். மதக் குற்றம் சாட்டி 1536-இல் அவரைக் கொன்றார்கள். தமிழில் நாம் இதற்குப் பலிகடா என்கிறோம். ஆனால் டிண்டேலின் ஆடு வெட்டப்படுவது இல்லை, விரட்டப்படுகிறது. பலியாவது அதனோடு நிற்கும் இன்னோர் ஆடு.

நானே சரிபார்க்க எங்கே போவது?

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இணையப் பதிப்புக்குச் சந்தா வேண்டும். சில பல்கலைக்கழக நூலகங்களில் இலவசமாகப் பார்க்கலாம். அவசரத்துக்கு டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் எடிம்ஆன்லைன் தளம் போதும், கட்டணம் இல்லை. கூகுள் புக்ஸில் பழைய பயன்பாட்டைத் தேடும்போது அது காட்டும் வருடத்தை அப்படியே நம்பாமல் தலைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மறுபதிப்புக்கு மூல நூலின் வருடத்தைப் போட்டிருக்கும்.

நம் பக்கத்துச் சொற்களுக்கு ஹாப்சன்-ஜாப்சன் என்ற அகராதி. ஹென்றி யூலும் ஏ.சி. பர்னெலும் தொகுத்தது, 1886-இல் வந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அச்சான நூலைப் பார்க்காமலே 1882-இல் இறந்துபோனார். முஹர்ரம் ஊர்வலத்தில் "யா ஹசன், யா ஹுசைன்" என்று எழும் குரல் வெள்ளைச் சிப்பாய்களின் காதில் விழுந்த விதம்தான் நூலின் பெயர். பதிப்புரிமை முடிந்துவிட்டதால் முழு நூலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் கறி என்ற பதிவைத் திறந்து பாருங்கள், பழைய மேற்கோள்கள் காலவரிசையில் அடுக்கியிருக்கும்.